எட்டு போடுவதற்கு முன்னால் ஒரு 30 நாள்

வணக்கம் மக்களே. பைக் லைசென்ஸ் எடுக்கும்போது எதற்கு அடுத்து எது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயம் எட்டு போடுவதில்தான், அதாவது கால் தரையில் படாமல் 8 வடிவத்தில் வண்டியை ஓட்டிக் காட்டுவதில்தான். என்னைக் கேட்டால், எட்டுக்கு முன்னால் வரும் 30 நாள்தான் முக்கியம். அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதல் படி எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம். அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல்நலம் பற்றி நாமே உறுதி சொல்லும் படிவம் 1, இவ்வளவுதான். கியர் வண்டிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். கியர் வண்டியா, கியர் இல்லாததா என்று இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டு அண்ணனுடைய பைக்கை எடுத்தால், சட்டப்படி அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான்.

அப்புறம் கம்ப்யூட்டர் தேர்வு. சாலைக் குறியீடுகளும் விதிகளும் கேட்பார்கள், 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. ஒரு நாள் உட்கார்ந்து படித்தால் போதும்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். ஆனால் 30 நாள் கழித்துத்தான் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியும். அந்த நாட்களில் வண்டியைத் தொடாமலேயே இருந்துவிட்டு, தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மைதானத்தில் நான்கு எட்டு போட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் எழுத்தை முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு தினமும் ஓட்டுங்கள். லைசென்ஸ் வைத்திருந்து, கற்றுக்கொடுப்பதற்காக வருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

நான் முதல் தடவை தேறவில்லை. முதல் வளைவு நன்றாகவே வந்தது. இரண்டாவதில் வண்டி சாய்வது போலிருந்தது, கிளட்ச்சை முழுவதும் பிடித்துவிட்டேன். இழுவை போனதும் வண்டி சரிந்தது, இடது கால் தரையில் பட்டது. அவ்வளவுதான், முடிந்தது. திரும்ப வர 7 நாள் ஆக வேண்டும் என்பது சட்டம்.

அந்த 7 நாளில்தான் எனக்குச் சூட்சுமம் பிடிபட்டது. முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்து எங்கே போக வேண்டுமோ, அந்த இடத்துக்குத் தலை முதலில் திரும்ப வேண்டும். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். முன் பிரேக்கை மறந்துவிடுங்கள், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி கவிழும். எட்டில் ஒரு வளைவு இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம். மெதுவாகப் போகும்போது இரண்டு பக்கமும் வண்டி உங்கள் பேச்சைக் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். நெரிசலில் ஊர்ந்து போகும்போது தினமும் வேண்டியது இதுதானே?

தேர்வு நாளில் ஹெல்மெட், எல்.எல்.ஆர்., வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். கை சைகைகளையும் பழகிக்கொள்ளுங்கள். வலது பக்கம் திரும்ப வலது கையை நேராக நீட்ட வேண்டும். இடது பக்கத்துக்கும் அதே வலது கைதான், நீட்டிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். பலர் இங்கே இடது கையை நீட்டிவிடுகிறார்கள்.

தேறிவிட்டால் கார்டு தபாலில் வரும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருப்பதும் செல்லும். 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை புதுப்பிக்க வேண்டியதில்லை.

என் தங்கைக்கு இன்று எல்.எல்.ஆர். வந்து 12-வது நாள். காலையில் இரண்டு செங்கல்லை வைத்து அதைச் சுற்றி எட்டு போட்டாள். நான்காவது சுற்றில் தலை தானாகத் திரும்பியது.