அக்காவின் ரத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் 22 ஆண்டுகள் ஆய்வகத்துக்கு ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவள். அந்த வேலையைப் பற்றிப் பேசத்தான் இன்று அழைத்திருக்கிறார்கள். ஆனால் போன மாதம் என் அக்காவுக்கு நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும்.

அக்காவுக்கு 71 வயது, நீரிழிவு உண்டு. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் தனியாக இருக்கிறார். ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்திலிருந்து, 'காலை 8 மணிக்கு வெறும் வயிற்றோடு வரவும்' என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரி இல்லை. தண்ணீரும் கூடாது போலிருக்கிறது என்று நினைத்து, முந்தின இரவிலிருந்து அக்கா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், சரி. வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தக்குழாய் அமுங்கிவிடும். வயதானவர்கள் கையில் அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனைக்கோ பட்டினியே வேண்டாம். மருத்துவர் எழுதியது எந்தச் சோதனை என்று பார்த்து இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

அங்கே போய் உட்கார்ந்தால், பெயரைக் கூப்பிடுவதிலும் குழப்பம். அக்காவின் அடையாள அட்டையில், நம்மில் பலருக்கு இருப்பதுபோல, முதலில் தன் பெயர், அப்புறம் அப்பா பெயர். அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? முறை தாண்டிப் போய்விட்டது. முகப்பில் கேட்டதற்கு, 'கூப்பிட்டோமே, நீங்கள்தான் வரவில்லை' என்று முகத்தைப் பார்க்காமலே பதில். ரத்தம் எடுக்கும்போது மணி பத்தேகால். பசி, தலைசுற்றல், மூன்று இடத்தில் குத்தல்.

நான்கு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. 'உங்கள் ரத்தம் சரியில்லை. திரும்ப வந்து கொடுங்கள்.' அவ்வளவுதான் சொன்னார்கள். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

'ரத்தம் சரியில்லை' என்று கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? அக்காவுக்குப் புற்றுநோய் என்றே தோன்றியிருக்கிறது. இரவு 11 மணிக்கு என்னை அழைத்து, வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கைகால் ஓடவில்லை.

மறுநாள் நானே விசாரித்தேன். எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலோ, கிடைக்காத குழாயில் ஊசியை விட்டுத் துழாவினாலோ, ரத்தம் பிடித்த குழலை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாமல் குலுக்கினாலோ அப்படி ஆகும். அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்து, அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி மருத்துவம் செய்தால் ஆபத்து. அதனால் அந்த ரத்தத்தை ஒதுக்கியது சரியான முடிவு. 'உங்களுக்கு ஒன்றும் இல்லை, எடுத்த விதத்தில் கெட்டுவிட்டது' என்று அவர்கள் சொல்லியிருந்தால் அக்கா அன்றிரவு தூங்கியிருப்பார்.

முகப்பில் அன்பாகப் பேசுவது கூடுதல் உபசாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லாததில் தொடங்கியது, மூன்று குத்தலாகி, கெட்ட ரத்தமாகி, ஒரு முதியவரின் தூங்காத இரவாக முடிந்தது. 2022 ஜனவரி முதல் இந்தக் கூடங்கள் புதிய சுகாதாரச் சேவைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடக்கின்றன. கருவிக்குக் காட்டும் அக்கறையை முகப்பில் பேசும் வாய்க்கும் காட்டுங்கள் என்று அந்தக் கூடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். தண்ணீர் குடிக்க வைத்துத்தான் அழைத்துப் போனேன். அன்று ஒரு மலாய்ப் பெண் இருந்தார். 'நீங்கள் இன்னாரா?' என்று கேட்கவில்லை. 'உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?' என்று கேட்டார். அதுதான் முறை, அரைமயக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார். அக்கா மலாயில் பதில் சொல்ல, இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரே குத்தல். குழலில் எங்கள் கண்முன்னே சீட்டை ஒட்டி, சரிதானா என்று அக்காவிடம் காட்டினார். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயரையும் அப்பா பெயரையும் நிதானமாக வாசித்து, சரி என்றார்.

வணக்கம்.