ஒரே அரங்கம், இரண்டு அணிகள்: அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் கூடைப்பந்து

[திரையில்: காலியான உள்ளரங்கம், ஓரத்தில் இரண்டு பந்து வண்டிகள்]

வணக்கம். இந்த இரண்டு வண்டிகளிலும் இருக்கும் பந்துகள் தூரத்துப் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஆண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 29.5 அங்குலம், பெண்களுடையது ஓர் அங்குலம் குறைவு. ஒரு பந்து தவறுதலாக மற்ற வண்டிக்குப் போய்விட்டால், கையில் எடுத்தவுடனேயே ஆடுபவரின் விரல்கள் அதைக் கண்டுபிடித்துவிடும். சிறு கல்லூரியில் இரண்டு அணிகளும் பெரும்பாலும் இந்த ஒரே அரங்கத்தையே நம்பியிருப்பதால், யாருக்கு எந்த நேரம் என்பதே அங்கே முதல் கேள்வியாகிறது.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

மகளிர் கூடைப்பந்து பின்னாளில் ஒட்டவைக்கப்பட்ட ஒன்று என்று பலர் எண்ணுவது தவறு. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே, அருகிலுள்ள நார்தாம்ப்டனின் ஸ்மித் கல்லூரியில், உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுத் தந்தார். ஆட்டம் தொடக்கத்திலேயே இருபாலருக்கும் கிடைத்துவிட்டது. பணமும் வசதியும்தான் அப்படிக் கிடைக்கவில்லை.

பென்சில்வேனியாவின் இம்மாக்குலாட்டா என்ற சிறு மகளிர் கல்லூரி 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசியப் பட்டத்தை வென்றது. முதல் பட்டத்துக்கான பயணச் செலவுக்காக அந்த மாணவிகள் டூத் பிரஷ் விற்றுப் பணம் திரட்ட வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அதே 1972 ஜூனில்தான், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்யும் டைட்டில் நைன் சட்டமானது.

[திரையில்: மாணவர்கள் பேருந்தில் ஏறும் காட்சி]

சிறு கல்லூரிகளில் பல, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்சிஏஏ அமைப்பு 1973இல் ஏற்படுத்திய மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்பத்தின் பொருளாதார நிலை, மதிப்பெண் போன்றவற்றைப் பார்த்தே உதவி தரலாம். ஆகவே பயிற்சியாளர் ஒரு மாணவியையோ மாணவனையோ அழைக்கும்போது பணத்தைக் காட்டி இழுக்க முடியாது. படிப்பையும், களத்தில் ஆடக் கிடைக்கும் வாய்ப்பையும் சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

உதவித்தொகை இல்லாத இடத்தில் ஏற்றத்தாழ்வு வேறு வடிவங்களில் நுழைகிறது. அதனால்தான் டைட்டில் நைன் விதிகள் உபகரணங்கள், பயிற்சி நேரம், ஆட்ட நேரம், பயணப்படி, பயிற்சியாளர், உடைமாற்றும் அறை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன.

[திரையில்: ஸ்கோர் பலகை]

ஆட்ட விதிகளிலும் வேறுபாடு உண்டு. ஆண்களுக்கு 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். பெண்களுக்கு 2015-16 பருவத்திலிருந்து 10 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். மகளிர் ஆட்டத்தில் அணியின் ஃபவுல் (விதிமீறல்) கணக்கு ஒவ்வொரு கால்பகுதியிலும் புதிதாகத் தொடங்கும்.

ஒரே மாலையில் இரண்டு ஆட்டங்களும் அடுத்தடுத்து நடக்கும்போது, பெண்கள் முதலிலும் ஆண்கள் பின்னாலும் ஆடுவதே பல இடங்களில் வழக்கம். வேலை முடிந்து வரும் பெற்றோர் அரங்கத்துக்குள் நுழையும்போது மகளின் ஆட்டம் பாதி முடிந்திருக்கும். இந்த வரிசையை ஓர் ஆட்டநாள் விட்டு ஓர் ஆட்டநாள் மாற்றி அமைப்பதற்குப் புதிய அரங்கமோ கூடுதல் பணமோ தேவையில்லை. பருவம் தொடங்கும் முன் அட்டவணையில் நேரத்தை மாற்றி எழுதினால் போதும்.