உயிலில் எழுதிய நட்பு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நாடுகளிடையே நட்பை வளர்ப்பவை அரசுகளின் ஒப்பந்தங்களா, பயணிகளின் பழக்கமா என்பது இன்றைய வழக்கு. அமெரிக்கக் கடற்படைத் தளபதி மேத்யூ பெரியின் போர்க்கப்பல்கள் 1853-இல் வந்திராவிட்டால் எந்த அமெரிக்கப் பயணியும் ஜப்பானில் கால் வைத்திருக்க முடியாது என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். கதவு திறந்ததை நான் மறுக்கவில்லை. பீரங்கியைக் காட்டித் திறக்க வைத்ததற்கு நட்பு என்று பெயர் சூட்டுவதைத்தான் மறுக்கிறேன். 1858-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, ஜப்பானில் குற்றம் செய்த அமெரிக்கரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அந்த அவமானம் 1899-இல்தான் நீங்கியது.

எட்வர்ட் மோர்ஸ் என்ற விலங்கியலாளர் சேலத்துக்காரர். நம் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். சிப்பி போன்ற கடலுயிரிகளைத் தேடி 1877-இல் ஜப்பானுக்குப் போன அவர், யோக்கோஹாமாவிலிருந்து தோக்கியோவுக்கு ரயிலில் செல்கையில், ஓமோரி அருகே வெட்டப்பட்டிருந்த மேட்டில் பழங்கால மக்கள் தின்று எறிந்த சிப்பிக் குவியலைச் சன்னல் வழியே கண்டு, சில மாதங்களில் தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராகத் தம் மாணவர்களோடு அதைத் தோண்டினார். கிடைத்த பானையோடுகள் இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கின்றன.

அரசுச் சம்பளம் வாங்கிய பேராசிரியர்தானே என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. சம்பளம் வகுப்பறைக்கு, ஐயா. தாம் வாங்கிய மட்கலங்களை நினகவா நொரிதனே என்ற அறிஞரிடம் கொண்டுபோய், எது எந்தச் சூளையில் எந்தக் காலத்தில் சுட்டது என்று மாணவனாகக் கேட்டறிந்ததற்கும், ஜப்பானிய மரபு நாடகமான ‘நோ’வின் கலைஞர் உமேவாக்கா மினோருவின் முன் காலை மடித்து அமர்ந்து பாட்டுப் பயின்றதற்கும் எந்த அரசு அவருக்குப் படியளந்தது?

அப்படிச் சேர்ந்த ஏறத்தாழ 5,000 கலங்கள் 1892-இல் போஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விலைகொடுத்து வாங்கியவை என்பதாலேயே அந்த இழப்பு இல்லாமல் போய்விடாது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 1923 நிலநடுக்கத்தில் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக நூலகம் எரிந்துபோன செய்தி எட்டியதும், முதுமையிலிருந்த மோர்ஸ் தம் நூல்கள் அனைத்தும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே சேர வேண்டும் என்று உயிலை மாற்றினார். 1924-இல் அமெரிக்க நாடாளுமன்றமோ ஜப்பானியர் குடியேறவே கூடாது என்று சட்டம் இயற்றியது. மறு ஆண்டு மோர்ஸ் இறந்தார். சுமார் 12,000 நூல்கள் தோக்கியோவுக்குப் புறப்பட்டன. அந்த உயிலை எழுதவைத்த ஒப்பந்தப் பிரிவு எது என்பதை எதிரணி அடுத்த சுற்றில் எடுத்துக்காட்டட்டும், நடுவர் அவர்களே.