ஊராட்சிக்குத் தனி அலுவலர் எதற்கு?

விழாத் தலைவர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த ஊர்ப் பெரியவர்களே, மேடையில் இருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற மகளிர் குழுத் தாய்மார்களே, குறிப்பாக முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே (வீடுவீடாகப் போய் இந்தக் கூட்டத்துக்கு அழைத்தவர் அவர்தான்), எல்லோருக்கும் வணக்கம்.

பணம், அதிகாரம், கிராம சபை, மூன்றைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். சரி, முதலில் பணம். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது சட்டத்திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி என்று 29 துறைகள் அதன் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் எதை, எவ்வளவு ஊராட்சியிடம் ஒப்படைப்பது என்பது மாநில அரசின் கையில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! மத்திய அரசின் பணத்தைப் பங்கிட்டுத் தரச் சொல்லும் நிதிக்குழு இருக்கிறதே, அந்த 15ஆவது நிதிக்குழுவின் 2021-26 மானியத்திலும் 100 ரூபாய் வந்தால் 60 ரூபாய் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் என்றிருந்தது. மீதியில் சம்பளம் போட முடியாது என்றும் இருந்தது.

பக்கத்து ஒன்றியத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். சித்திரை வெயிலில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. தலைவர் என்று ஒருவர் இருந்திருந்தால் அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டு மோட்டாரைக் கழற்றி காயில் கட்டக் கொடுத்திருப்பார், பில்லை அப்புறம் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது தலைவர் இல்லை, பதவிக்காலம் முடிந்து அவர் இடத்தில் அரசு அதிகாரி ஒருவரைத் தனி அலுவலராக வைத்திருக்கிறார்கள். ஊராட்சி செயலரிடம் போனார்கள், தனி அலுவலர் கையெழுத்து வேண்டும் என்றார். ஒன்றிய அலுவலகம் போனால், அவர் கலெக்டர் ஆபீஸ் ஆய்வுக் கூட்டத்தில். மறுநாள் வேறொரு ஊரில். அதற்கும் மறுநாள் இருந்தார், நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார், மதிப்பீடு வேண்டும் என்றார். மதிப்பீடு போட ஓவர்சீயர் வர வேண்டும், அவருக்கோ வீடு கட்டும் திட்டத்தில் அளவெடுக்கும் வேலை. அதுவரை மேட்டுத்தெருப் பெண்கள் வயற்காட்டு பம்புசெட்டிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்தார்கள், அதில் ஒருத்தி நிறைமாத கர்ப்பிணி. கடைசியில் ஊரே வீட்டுக்கு வீடு வசூல் செய்து மோட்டாரை மாட்டியது. வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமும் ஒழுங்காகக் கட்டிய ஊர் அது!

அந்த அலுவலரை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். சராசரியாக ஒரு ஒன்றியத்துக்கு முப்பதுக்கு மேல் ஊராட்சி, அத்தனையும் ஒருவர் தலையில் என்றால் அவர்தான் என்ன செய்வார்? ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. ஆனால் 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, அதுவும் எல்லா மாவட்டங்களுக்கும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று மத்திய மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தது, உடனே மறுபடியும் தனி அலுவலர்கள். ஓட்டு என்ற வரம் நம்மிடம் இருக்கிறது, பூசாரி தேதி சொல்ல மாட்டேன் என்கிறார்.

அதிகாரத்துக்கு வருகிறேன். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை நீக்க மாவட்ட ஆட்சியருக்கு 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு வழி தருகிறது. இதைத் தனியாகவே ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டும், இன்றைக்கு நேரமில்லை.

அடுத்த கிராம சபைக்கு எல்லோரும் வாருங்கள். ஊராட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்த வேண்டும், தலைவர் இல்லாத நாளில் குடிநீர்ப் பழுதை உடனே சரிசெய்யச் செயலருக்கு அனுமதி வேண்டும் என்று இரண்டு தீர்மானங்கள் எழுதி வாசலில் வைத்திருக்கிறோம், ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சபையில் அதைப் படிக்கச் சொல்லி, தீர்மானப் பதிவேட்டில் ஏறியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.