உதிர்வது பிஞ்சா, பூவா? பலா மரத்தோடு கொஞ்ச நேரம்

வணக்கம். பலாவைப் பற்றிப் பேச எங்கே போனாலும் என்னிடம் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "மரம் நிறையப் பிஞ்சு விடுகிறது, ஆனால் விரல் நீளம் வந்ததும் கறுத்து, பூஞ்சணம் பிடித்து உதிர்ந்துவிடுகிறது, என்ன உரம் போடலாம்?" ஒரு உரமும் போட வேண்டாம். அப்படி உதிர்வதில் பெரும்பாலானவை பிஞ்சே இல்லை, ஆண் பூங்கொத்துகள். மகரந்தம் கொடுப்பதுதான் அவற்றின் வேலை, கொடுத்தாயிற்று, விழுந்துவிட்டன. தாவரவியல் படிக்கப் போன புதிதில் நானும் அதைப் பிஞ்சு என்றே எழுதிவைத்து அசடு வழிந்தவன்தான், அதனால் கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். பெண் பிஞ்சும் சில சமயம் அழுகி விழுவதுண்டு, அது நோய். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிப் பிரிப்பது? காம்பைப் பாருங்கள். மெல்லிய காம்பில், வழவழப்பாக, தொட்டால் மஞ்சள் பொடி ஒட்டினால் ஆண். காம்பு தடித்து, தலைக்குக் கீழே பச்சையாக ஒரு வளையம் தெரிந்து, மேற்பரப்பு சொரசொரவென்று இருந்தால் பெண். இரண்டும் ஒரே மரத்தில்தான் இருக்கும்.

அந்தச் சொரசொரப்பை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிப் பூ. பின்னால் அது முள்ளாகும். ஆக, முள்ளை எண்ணினால் பூவை எண்ணியதாகிவிடும், பொறுமை இருந்தால் எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பூக்கள் ஒரு தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாக வளர்வதால்தான் இதைக் கூட்டுக்கனி என்கிறோம். கருவுற்ற பூவின் இதழுறை சதை பிடித்துத் தடித்தால் சுளை, கருவுறாமல் நாராக நின்றுவிட்டால் சடை. நாம் தின்னும் சுளை, கறாராகச் சொன்னால், பூவிதழ்தான். உண்மையான பழம் கொட்டையை ஒட்டியிருக்கும் அந்த வழுவழுப்பான மெல்லிய உறை, அதை யாரும் மதிப்பதே இல்லை. ஒரு பழம் ஒரு பக்கம் பள்ளம் விழுந்து கோணலாக இருக்கிறதா, அந்தப் பக்கத்துப் பூக்களுக்கு மகரந்தம் சரியாகப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம், வெட்டினால் அங்கே சடைதான் அதிகம் இருக்கும்.

சரி, இவ்வளவு கனத்தை மரம் எங்கே தூக்கி வைக்கும்? 30, 40 கிலோ வரை போகக்கூடிய ஒன்றை நுனிக்கிளையில் தொங்கவிட முடியாது. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேரடியாகப் பூத்துக் காய்க்கிறது. வயதான மரத்தில் இன்னும் கீழே இறங்கி, தரையை ஒட்டி வேரிலேயே காய்ப்பதும் உண்டு, அதைத்தான் வேர்ப்பலா என்கிறோம். காட்டில் இது ரொம்ப வசதி: யானை, கரடி, குரங்கு எல்லாவற்றுக்கும் எட்டுகிற உயரம், வாசனை பிடித்து வந்து தின்றுவிட்டுக் கொட்டையை வேறு எங்கோ போட்டுவிடும்.

இதன் குடும்பம் ஆலும் அத்தியும் மல்பெரியும் இருக்கும் குடும்பம், எங்கே கீறினாலும் பால் வடிவது அந்த உறவால்தான். தாவரவியல் பெயர் ஆர்டோகார்பஸ் ஹெட்டிரோபில்லஸ், 1789-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் வைத்தது. ஹெட்டிரோபில்லஸ் என்றால் வெவ்வேறு விதமான இலை கொண்டது என்று பொருள். வளர்ந்த மரத்தில் இலை முழுசாக, கரும்பச்சையாக, தோல் மாதிரி தடிப்பாக இருக்கும். இளங்கன்றில் அதுவே விரல் விரித்தாற்போலப் பிளந்திருக்கும். கன்றைப் பார்த்து, இலை அப்படிப் பிளந்தே இருக்கும் உறவு மரமான ஈரப்பலா (பிரெட்ஃப்ரூட்) என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு.

சொந்த இடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகள். அங்கிருந்து மனிதர்கள் கையோடு வெப்பமண்டலம் முழுக்கப் போய்விட்டது. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் திஜூக்கா காட்டில் உள்ளூர் மரங்களை நெருக்கித் தள்ளும் அளவுக்குப் பெருகிவிட்டது. ஆனால் ஒன்று. மழைக்காட்டில் பிறந்த மரம்தானே, தண்ணீர் எவ்வளவு நின்றாலும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். மலைச்சரிவில் மழை கொட்டும், உடனே வடிந்தும் விடும், அந்த மண்ணுக்குப் பழகிய வேர் இது. சில நாள் மூழ்கிக் கிடந்தாலே வேருக்குக் காற்றில்லாமல் மரம் வாடும், சின்ன மரமென்றால் செத்தே போகும். உறைபனியும் ஆகாது.

அப்புறம் விதை. நெல் மாதிரி காயவைத்து எடுத்துவைக்க இதில் வழியே இல்லை, ஈரம் போனால் உயிரும் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த கையோடு கழுவி ஊன்றிவிட வேண்டும். ஆணிவேர் சீக்கிரமே ஆழமாக இறங்கிவிடும், பிறகு பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம், அதனால் மரம் எங்கே நிற்க வேண்டுமோ அந்தக் குழியிலேயே கொட்டையைப் போடுங்கள்.