வளர்ப்பு எங்கே தெரிகிறது? இங்கிலாந்தின் திருச்சபைத் தொடக்கப்பள்ளிகள்

(லண்டனில் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெற்றோர்களே, பெரியோர்களே, வணக்கம்.

பிள்ளைக்கு நான்கு வயது நெருங்கும்போது இந்நாட்டில் நம் வீடுகளில் எழுகின்ற ஒரு கேள்வியைப் பற்றிப் பேசவே என்னை அழைத்திருக்கிறீர்கள். நடந்து போகும் தூரத்தில் இருப்பது இங்கிலாந்துத் திருச்சபையின் தொடக்கப்பள்ளி. நாமோ சைவர்கள், அல்லது வேறு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள், அல்லது கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகாதவர்கள். அங்கே பிள்ளையை அனுப்பலாமா என்பதே அக்கேள்வி. அத்தகைய பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவில் சில ஆண்டுகள் 'கவர்னர்' என்ற பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில், நான் கண்டதையும் எனக்குள் முரண்பட்டுக் கொண்டதையும் சொல்கிறேன்.

இது ஏதோ ஒரு மூலையில் இருக்கும் சிறு விஷயமன்று. இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று இத்திருச்சபையைச் சார்ந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பிள்ளைகள் இத்திருச்சபையின் பள்ளிகளில் படிக்கிறார்கள். பல கிராமங்களில் இருக்கும் ஒரே பள்ளி அதுதான்.

இப்பள்ளிகளின் தொடக்கத்தில் நம் ஊர் மணல் இருக்கிறது என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்களோ, தெரியவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக நடந்த அனாதை விடுதிப் பள்ளியை 1789 முதல் அவர் மேற்பார்த்தார். ஒரு நாள் நம் பிள்ளைகள் ஒரு பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்து, அதே முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் அது நடக்காது என்று கைவிரித்துவிடவே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஊர் திரும்பிய பெல், மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறையை 1797-இல் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் இங்கிலாந்தெங்கும் பரவியது. 1811-இல் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகத் திருச்சபையினர் தேசியச் சங்கத்தை நிறுவியபோது, அவர்கள் கையில் எடுத்தது இம்முறையைத்தான்.

ஆனால் அச்சங்கம் தன் முழுப்பெயரிலேயே தன் நோக்கத்தையும் சொல்லிவிட்டது: நாட்டின் அதிகாரப்பூர்வச் சபையாக நிறுவப்பெற்ற திருச்சபையின் கொள்கைகளில் ஏழைகளுக்குக் கல்வி அளிப்பது. இதனால், வேறு சபையைச் சேர்ந்த பெற்றோர் தம் பிள்ளைகள் தமக்கு உடன்பாடில்லாத ஞானோபதேசத்தை, அதாவது சமயக் கொள்கை வினாவிடையை, மனப்பாடம் செய்வதைப் பல இடங்களில் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் சமயப் பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உறுதிசெய்தது. அறிவும் ஆக்கிரமிப்பும் ஒரே கையால் பரிமாறப்பட்ட இந்த வரலாற்றை மறைத்துவிட்டு இன்றைய பள்ளிகளைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

இன்று நிலைமை வேறு. 2016-இல் இத்திருச்சபை வெளியிட்ட கல்வி நோக்க அறிக்கை, தன் பள்ளிகள் ஆழ்ந்த கிறிஸ்தவத் தன்மை உடையவையாகவும் பொது நன்மைக்குத் தொண்டு செய்பவையாகவும் இருக்கும் என்கிறது; ஞானம், நம்பிக்கை, சமூகம், மாண்பு என்ற நான்கையும் அடிப்படையாக வைக்கிறது. 'நானோ அவைகளுக்கு ஜீவன் உண்டாயிருக்கவும் அது பரிபூரணப்படவும் வந்தேன்' என்ற யோவான் சுவிசேஷ வசனமே அதன் வேர். பிள்ளையைக் கிறிஸ்தவனாக்குவது பள்ளியின் வேலையன்று. கிறிஸ்துவின் கண்ணோட்டத்தில் பிள்ளையைப் பார்ப்பதே பள்ளியின் வேலை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். முதலாவது பிள்ளையின் மேல் சுமத்தப்படும் பாரம். இரண்டாவது ஆசிரியர்கள் தம் மேல் ஏற்றிக்கொள்ளும் பாரம்.

இனி விழுமியங்களுக்கு வருவோம். எந்தத் திருச்சபைப் பள்ளிக்குள் நுழைந்தாலும் சுவரில் சொற்கள் தொங்கும்: அன்பு, மன்னிப்பு, நேர்மை, மரியாதை, விடாமுயற்சி. பருவத்துக்கு ஒன்றாக எடுத்து, அதற்கேற்ற வேதாகமக் கதையைச் சொல்வார்கள். இவற்றில் கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியது எது என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார், நியாயமான கேள்வி. நேர்மையும் மரியாதையும் நம் ஆத்திசூடியில் இல்லாதவையா? சொல்லைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அந்தச் சொல் யாரிடம் செல்லுபடியாகிறது என்று பார்த்தால்தான் தெரியும். ஒரு பள்ளியில் ஊறியிருக்கும் பண்பை 'ஈதோஸ்' என்று இவர்கள் சொல்வார்கள்; அதற்கு நான் வெகுநாள் தமிழ்ச்சொல் தேடினேன். 'அந்தப் பிள்ளையின் வளர்ப்பு அப்படி' என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த 'வளர்ப்பு' என்ற சொல்லைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை. யாரும் பார்க்காதபோதும், உரிமையோடு கேட்க வழியற்ற ஒருவன் எதிரில் நிற்கும்போதும் வெளிப்படுவது எதுவோ அதுவே வளர்ப்பு.

நான் இருந்த பள்ளியில் ஒரு சிறுமி நாள்தோறும் தாமதமாக வந்தாள். அலுவலகத்தில் கையொப்பமிட்டு, வகுப்புக் கதவைத் தட்டி, எல்லாரும் திரும்பிப் பார்க்க உள்ளே போவாள். அந்தப் பருவத்தில் அப்பள்ளியின் விழுமியமாக இருந்தது இரக்கம்; அச்சொல் எழுதிய பலகையின் கீழேதான் அவள் கையொப்பமிட்ட மேசை இருந்தது. தாய்க்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. நிர்வாகக் குழுவில் நாங்களும் அந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்துத் தலையசைத்தோம். இரவு முழுவதும் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு வரும் தாய் அவர் என்பதைக் கேட்டறிந்தவர், உணவுக்கூடத்தில் பணிபுரிந்த ஓர் அம்மையார். மறுநாள் முதல் அச்சிறுமி வந்ததும் அவர் ஒரு துண்டு ரொட்டியைச் சுட்டுக் கொடுத்து, பக்கவாட்டுக் கதவு வழியாக அவளை வகுப்புக்கு அழைத்துப் போனார். கடைசி மணி நேரத்தில் வந்த கூலியாளுக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சத்தோட்டக்காரரின் உவமையை மத்தேயுவில் படித்திருப்பீர்கள். அதைக் காலைக் கூட்டத்தில் நாங்கள் பலமுறை சொல்லியிருந்தோம், செய்தவர் அவர். அவர் தேவாலயத்துக்குப் போகிறவரா என்று நான் கேட்டதில்லை.

இதே அளவுகோலைச் சேர்க்கை விதிகளுக்கும் வைக்க வேண்டும். அங்கேதான் எனக்கு மனத்தாங்கல் உண்டு. திருச்சபைப் பள்ளிகளில் இருவகை உண்டு. ஒருவகையில் சேர்க்கையைப் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றமே முடிவு செய்கிறது. மற்றதில் பள்ளியின் நிர்வாகக் குழுவே விதி வகுக்கிறது. இடத்துக்கு மிஞ்சி விண்ணப்பம் வந்தால் தேவாலயத்துக்கு ஒழுங்காக வருவோருக்கு முன்னுரிமை தரவும் அதற்கு அனுமதி உண்டு. பல பள்ளிகள் அவ்வுரிமையைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தும் இடங்களில், பிள்ளை பிறந்ததும் ஞாயிறுதோறும் வரத் தொடங்கி, இடம் கிடைத்ததும் மறைந்துவிடும் குடும்பங்களைக் குருமார்கள் நன்றாக அறிவார்கள். பொய்யான வருகைக்குக் கையொப்பம் பெற்று உள்ளே வரும் பிள்ளைக்கு நேர்மையைப் பற்றி எந்தச் சுவர் பாடம் சொல்லப்போகிறது?

நம் பெற்றோர் பெரிதும் அஞ்சுவது நாள்தோறும் நடக்கும் வழிபாட்டுக் கூட்டத்தை. அரசுப் பணத்தில் நடக்கும் எல்லாப் பள்ளிகளிலும் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இது கடமை. திருச்சபைப் பள்ளியில் அதன் மரபுப்படி நடக்கும். மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், கதை சொல்வார்கள், பாடுவார்கள், சற்று நேரம் அமைதியாக இருப்பார்கள். ஜெபத்தின்போது, விரும்புவோர் 'ஆமென்' சொல்லலாம், மற்றவர் தம் மனத்தில் தோன்றுவதை எண்ணிக்கொள்ளலாம் என்று நல்ல ஆசிரியர் முன்னதாகவே சொல்லிவிடுவார். யாரையும் ஒதுக்காமல், வற்புறுத்தாமல், அழைப்பாக மட்டும் இருக்க வேண்டும் என்பது திருச்சபையே தந்துள்ள வழிகாட்டுதல். திருநீறு பூசிய நெற்றியோடு அக்கூட்டத்தில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே பலர்; திருநீறும் அழியவில்லை, பாட்டும் மறக்கவில்லை.

இப்பள்ளிகளைத் திருச்சபை தனியாகவும் சோதிக்கிறது. 'சியாம்ஸ்' என்ற அச்சோதனையில், பள்ளியின் கிறிஸ்தவ நோக்கம் பிள்ளைகளும் பெரியவர்களும் செழிக்க எவ்வாறு உதவுகிறது என்பதே முதல் கேள்வி. அந்த அறிக்கையைப் படியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15. அதற்கு முன் பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் போய்வருவீர்கள். தலைமையாசிரியர் நல்ல சொற்களைச் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றை மட்டும் கேளுங்கள்: வழிபாட்டுக் கூட்டத்திலிருந்து பெற்றோர் விலக்கிக்கொண்ட பிள்ளை அந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருக்கும்? அலுவலக வாசலில் உள்ள நாற்காலியைக் காட்டினால் அதையும், நூலகத்தில் அப்பிள்ளையோடு ஒருவர் உட்கார்ந்து கதை படிக்கிறார் என்றால் அதையும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து முடிவு செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.