அந்தப் படத்தை மாட்டியது நாம்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாட்டுக் கேட்டே வளர்ந்த இந்த அவையின் பெரியோர்களே, வணக்கம்.

"பழுத்த வயதில் ஒரு பாடகர் தன் பிம்பத்தை மாற்றிக்கொள்வது சரியா, தவறா?" இதுதான் தலைப்பு. சரியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி எல்.ஆர்.ஈஸ்வரி அம்மாவை எடுத்துக்கொண்டார். "ஆடி மாதம் ஊரெல்லாம் அம்மன் பாட்டாக ஒலித்த குரல், எழுபது வயதுக்கு மேல் 2011இல் 'ஒஸ்தி' படத்தில் 'கலாசலா' என்று குத்துப்பாட்டுப் பாடலாமா? கட்டிய கோபுரத்தைத் தானே இடிக்கலாமா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. தம்பி, அந்த வருத்தம் எனக்குப் புரியும். எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்தவன் நான்.

எங்கள் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில். ஆடி வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் முதலில் கரகரவென்று இருமும். அப்புறம் 'கற்பூர நாயகியே கனகவல்லி'. அம்மா வாசலில் அண்டாவை ஏற்றி, கேழ்வரகுக் கூழைத் துடுப்பால் துழாவிக்கொண்டே கூடவே பாடுவார். அடி பிடித்துவிடும் என்று கை நிற்காது, பாட்டும் நிற்காது. அப்படிப்பட்ட அம்மாதான் டிவியில் 'கலாசலா' வந்த அன்று, "இவங்களுக்கு எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த எங்கள் பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டி, நீ சின்னப் புள்ளையா அந்த அம்மன் பாட்டப் பாடுறப்போ நானும் இதையேதான் கேட்டேன். எலந்தப்பயம் பாடினவ சாமி பாட்டுப் பாடுறாளேன்னு!"

நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் எங்கள் பாட்டியின் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. கோபுரம் கோபுரம் என்கிறார்களே, அதைக் கட்டியது யார்? அந்த அம்மாவா, நாமா?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். ஈஸ்வரியின் அம்மாவும் கோரஸ் பாடியவர், மகளும் கோரஸில் நின்று தொடங்கியவர். 1961இல் 'பாசமலர்' வந்தது. 'வாராய் என் தோழி' இல்லாமல் கல்யாண வீட்டு மைக் செட் இல்லை என்று ஆனது. தோழிகள் கூடி மணப்பெண்ணைக் கேலி செய்து அழைத்துப் போகிற பாட்டு அது. அதைப் பாடியவரைத் தமிழ் சினிமா என்ன செய்தது? கதாநாயகிக்கு ஒரு குரல், ஆட்டக்காரிக்கு ஒரு குரல் என்று பிரித்து வைத்தது. கிளப் டான்ஸா, கூப்பிடு ஈஸ்வரியை. 1966இல் 'பளிங்கினால் ஒரு மாளிகை', 1968இல் 'எலந்தப்பயம்'. ரெண்டும் அற்புதமான பாட்டு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சட்டத்துக்குள் அவர் படத்தை மாட்டி ஆணி அடித்தது நாம்தான்.

1972இல் 'வெள்ளி விழா' படத்தில் 'காதோடுதான் நான் பாடுவேன்' என்று பாடினார். இன்று இரவு வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். குரலை உயர்த்தவே மாட்டார். பக்கத்தில் தூங்குகிற குழந்தை விழித்துவிடக் கூடாது என்கிற மாதிரி, பாதி குரல், பாதி மூச்சு. அதில் கிளப்பும் இல்லை, கோயிலும் இல்லை. இப்படிப் பாடத் தெரிந்தவருக்கு இப்படிப்பட்ட பாட்டு எத்தனை கொடுத்தோம்? இந்தக் கேள்விதான் என்னை வாட்டுகிறது.

அப்புறம் அம்மன் பாடல்கள் வந்தன. லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெயருடைய, கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், மாரியம்மனைக் கூப்பிட்டால் சாமி இறங்குகிறது என்று ஊர் நம்பியது. அதுவும் ஒரு பிம்ப மாற்றம்தானே? அதை ஏற்றுக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டோம். கிளப்பிலிருந்து கோயிலுக்குப் போனால் புண்ணியம், கோயிலிலிருந்து சினிமாவுக்குத் திரும்பினால் பாவமா? எதிரணி இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு சகோதரி, "இதெல்லாம் காசுக்காக, விளம்பரத்துக்காக" என்றார். சரி, வெளிநாட்டிலிருந்து ஒரு சாட்சி தருகிறேன். வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த பாடகர் டாம் ஜோன்ஸ். லாஸ் வேகாஸ் மேடை, இறுக்கமான கால்சட்டை, கறுகறுவென்ற சுருட்டை முடி என்றே உலகம் அவரை அறியும். எழுபதை நெருங்கும்போது முடிக்குச் சாயம் பூசுவதை நிறுத்தினார். 2010இல் தேவாலயப் பாடல்களும் ப்ளூஸும் கலந்து, அலங்காரம் இல்லாமல் ஒரு ஆல்பம் பாடினார். ரெக்கார்டு கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் கொதித்துப்போய் எழுதிய மின்னஞ்சல் வெளியே கசிந்தது. இத்தனை பணம் போட்டது ஜெபப் புத்தகம் வாங்கவா என்கிற தொனியில் இருந்தது அது. பார்த்தீர்களா? விற்கிறவர்களுக்குப் பழைய பிம்பம்தான் வேண்டும், காசு இருப்பது அங்கேதான். அதைக் கழற்றி வைக்கத்தான் துணிச்சல் வேண்டும். அந்த ஆல்பம் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. 2021இல், எண்பது வயதில், அதே நரைத்த தலையோடு இன்னொரு ஆல்பத்தில் முதலிடத்துக்கே வந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வயதான பிறகு செய்கிற எல்லா மாற்றமும் நன்றாக அமைவதில்லை. எட்டாத சுருதிக்கு எம்பி, இருபது வயதுக் குரல் மாதிரி நடிக்கப் பார்த்தால் கேட்கிறவருக்கே சங்கடமாக இருக்கும். ஆனால் 'கலாசலா'வை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். திரையில் ஆடுகிற முகத்தை மறந்துவிடுங்கள். அந்தக் குரல் வயதை மறைக்கவில்லை. கொஞ்சம் கரகரப்பு ஏறியிருக்கிறது, கனம் கூடியிருக்கிறது. வரி முடிகிற இடத்தில் அடித்தொண்டையிலிருந்து ஒரு வெட்டு வெட்டுகிறாரே, அது எலந்தப்பழக்காரியிடம் கேட்ட வெட்டு. வேப்பமரத்து ஸ்பீக்கரில், கனகவல்லியைக் கூப்பிடும்போது கேட்டதும் அதேதான். எனக்குத் தெரிந்து அவர் எதையும் இடிக்கவில்லை. தன் குரலில் நாம் பிரித்து வைத்த அறைகளுக்கு நடுவில் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

2020இல் 'மூக்குத்தி அம்மன்' படம் வந்தது. அதில் எண்பது வயது ஈஸ்வரி அம்மா 'ஆடி குத்து' என்று ஒரு பாட்டுப் பாடினார். பெயரிலேயே ஆடியும் இருக்கிறது, குத்தும் இருக்கிறது.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலை, அதே வேப்பமரம், அதே கரகரப்பு. முதலில் 'கற்பூர நாயகியே'. அடுத்ததாக மைக் செட் பையன் 'ஆடி குத்து' போட்டுவிட்டான். எனக்குப் பக்கென்றது, அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவின் கை நிற்கவில்லை. வரி சரியாகத் தெரியாததால் மெட்டை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு, அந்தத் தாளத்துக்கே கூழைத் துழாவிக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.